பெரிய வெள்ளி: பலி, மன்னிப்பு, கிருபை

ஜொகூரில் 2014 முதல் 2024 வரை வெள்ளிக்கிழமை வார விடுமுறை நாளாக இருந்ததால், பெரிய வெள்ளியன்று பள்ளிகளும் அரசாங்க அலுவலகங்களும் மூடியிருந்தன. 2025 ஜனவரி முதல் அந்த விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியது. பெரிய வெள்ளிக்குப் பொது விடுமுறை உள்ள மாநிலங்கள் சபாவும் சரவாக்கும் மட்டுமே. ஆகவே, கெலாங் பாத்தா வட்டாரக் கிறிஸ்துவர்கள் இனி விடுப்பு எடுத்தோ, வேலை முடிந்தோதான் ஆராதனைக்குச் செல்ல முடியும். அந்த நாளில் தேவாலயங்களில் அதிகம் ஒலிக்கும் சொற்கள் மூன்று.

முதலாவது, பலி. தோட்டத்துக் கோயில்களில் நேர்த்திக்கடனாக ஆடு, கோழி கொடுப்பதை நம்மவர் அறிவர். எருசலேம் ஆலயத்தில் யூதர்களும் பாவம் நீங்க ஆடு மாடுகளைப் பலியிட்டனர். கிறிஸ்துவம் இந்த வரிசையை மாற்றுகிறது. மனிதன் கடவுளுக்குக் கொடுப்பதல்ல, கடவுளே மனிதனுக்காகத் தம்மைக் கொடுத்ததுதான் சிலுவை மரணம் என்கிறது. அது ஒரே முறை நடந்த பலி. அதன்பின் வேறு இரத்தப் பலி தேவையில்லை.

இரண்டாவது, மன்னிப்பு. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய ஆஸ்திரேலியர் கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரு மகன்களும் வாகனத்தோடு எரித்துக் கொல்லப்பட்டனர். கொலைகாரர்களை மன்னிப்பதாக அவர் மனைவி கிளாடிஸ் அறிவித்தார். பாரிபடாவில் தங்கி அந்த நோயாளிகளுக்கான பணியையும் தொடர்ந்தார். 2005இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. ஆனால், வழக்கு நிற்கவில்லை. முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மன்னிப்பு என்பது குற்றத்தை மறைப்பதல்ல. பழிவாங்கும் எண்ணத்தைக் கைவிடுவது.

மூன்றாவது, கிருபை. கத்தோலிக்கர் இதை அருள் என்பர். இயேசு சொன்ன திராட்சைத் தோட்டக் கதை இதைத் தோட்டத் தொழிலாளிக்கு எளிதில் விளக்கும். காலையில் வேலைக்கு வந்தவனுக்கும், மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் முதலாளி ஒரே நாள் கூலி கொடுக்கிறார். காலையில் வந்தவன் முணுமுணுக்கிறான். பேசிய கூலி அவனுக்குக் குறையவில்லை. மற்றவனுக்குக் கிடைத்ததுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. பெரட்டுக்கு நேரத்தோடு போய் நின்றவர்களுக்கு அந்த முணுமுணுப்பு நன்றாகவே புரியும். உழைத்துப் பெறுவது கூலி. தகுதி பாராமல் கிடைப்பது கிருபை.