குணமாகாத பென்னும் குற்றம் கழுவப்பட்ட ஜீனும்

சுப்பர் ஹீரோ படம் என்றதும் எங்களில் பலபேருக்கு முதலில் ஞாபகம் வாறது கடைசிச் சண்டைதான். வானத்தில் ஓட்டை விழும், கட்டடங்கள் இடியும், எல்லாரும் ஒன்றாக நின்று அடிப்பார்கள். ஆனால் இந்தக் கூட்டுக் கதைகள் பிறந்த பழைய அமெரிக்கக் கொமிக்ஸ்களைத் தேடி வாசித்தால் வேறொரு விசயம் விளங்கும். அங்கே வில்லன் வருவதற்கு முதலே வீட்டுக்குள் சண்டை தொடங்கிவிடும். ஒருவருடைய சக்தி அவருடைய கையை மீறிப் போயிருக்கும். அதனால் இன்னொருவர் காயப்பட்டிருப்பார். ஆனாலும் இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்துதான் சாப்பிடவேண்டும்.

அப்படியான இரண்டு பேரைப் பற்றித்தான் இங்கே கதைக்கப் போகிறோம். ஒருவர் 1961இல் வந்த பென் கிரிம். மற்றவர் 1980இல் செத்துப்போன ஜீன் கிரே. இரண்டு பேருமே மார்வல் நிறுவனத்தின் பாத்திரங்கள். பென்னின் கதை, ஒரு நண்பனுக்குச் செய்யப்பட்ட அநியாயம். ஜீனின் கதை, ஒரு சிநேகிதி செய்த அநியாயம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி வரும்: நடந்த தப்பை நடக்கவே இல்லை என்று ஆக்கினால்தான் ஒரு கூட்டம் சேர்ந்து இருக்க முடியுமா?

முதலில் 1961. அதற்கு முதல் வருசம்தான் போட்டி நிறுவனமான டிசி, ஜஸ்டிஸ் லீக் என்ற கூட்டணியைத் தொடங்கியிருந்தது. சுப்பர்மேன், வொண்டர் வுமன் என்று பெரிய பெயர்கள் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அந்த ஆரம்பக் கதைகளில் அவர்களுக்குள் பெரிதாகச் சண்டை கிடையாது. யார் பேசுகிறார் என்று படத்தைப் பார்த்தால்தான் தெரியும், வசனத்தை மட்டும் வாசித்தால் எல்லாரும் ஒரே ஆள் மாதிரித்தான் இருப்பார்கள்.

1961 நவம்பர் திகதியிட்டு மார்வலின் ஃபன்டாஸ்டிக் ஃபோர் முதல் இதழ் வந்தது. ஸ்டான் லீயும் ஜாக் கேர்பியும் சேர்ந்து உருவாக்கியது. சோவியத் யூனியனின் யூரி ககாரின் விண்வெளிக்குப் போய் வந்தது அதே வருசம் ஏப்ரலில். கதையும் அந்தப் பதற்றத்துக்குள்தான் நடக்கிறது. ரீட் ரிச்சர்ட்ஸ் என்ற விஞ்ஞானி ஒரு ரொக்கெட் செய்கிறார். கம்யூனிஸ்டுகளுக்கு முதல் போய்விடவேண்டும் என்ற அவசரம். ரொக்கெட்டை ஓட்டவேண்டிய விமானி பென் கிரிம், ‘அண்டக் கதிர்களைப் பற்றி எங்களுக்குச் சரியாகத் தெரியாது, இதில் போறது ஆபத்து’ என்று தடுக்கிறான். ரீட்டின் காதலி சூ அவனைக் கோழையா என்ற மாதிரிக் கேட்டுவிடுகிறாள். ரோசம் வந்து பென் சம்மதிக்கிறான். சூவின் தம்பி ஜொனியும் ஏறிக்கொள்கிறான். காவலுக்கு நின்றவனை ஏமாற்றிவிட்டு நாலு பேரும் களவாகப் போகிறார்கள்.

பென் பயந்தபடியே நடக்கிறது. கதிர்கள் நாலு பேரையும் மாற்றிவிடுகின்றன. ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. ரீட் உடம்பை நீட்டுவார், பிறகு சுருக்கிக்கொள்வார். சூ மறைவாள், பிறகு தெரிவாள். ஜொனி எரிவான், பிறகு அணைத்துக்கொள்வான். பென்னுக்கு மட்டும் அப்படித் திரும்பிவர ஒரு வழி இல்லை. செம்மஞ்சள் நிறத்தில் கல்லுமாதிரி ஒரு உடம்பு அவனுக்கு நிரந்தரமாகிவிடுகிறது. ஆரம்ப இதழ்களில் சிலவேளை அவன் கொஞ்ச நேரத்துக்கு மனிசனாக மாறுவான். சந்தோசப்படுவதற்குள் மறுபடி கல்லாகிவிடுவான். எப்போது மாறும், எப்போது போகும் என்பது அவன் கையில் இல்லை. வேண்டாம் என்று சொன்னவனுக்குத்தான் ஆகப் பெரிய தண்டனை!

இந்தக் கதையின் பலமே இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறோம். ரீட்டுக்குத் தன்னுடைய பொறுப்பு தெரியும். திரும்பத் திரும்ப மருந்து தேடுகிறார், அது சரிவருவதே இல்லை. பென் கத்துகிறான், மேசை கதிரையை உடைக்கிறான், கோவித்துக்கொண்டு போகிறான், பிறகு திரும்பி வருகிறான். அவன் மன்னித்துவிட்டானா என்று கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்ல ஏலாது. காயம் அப்படியே இருக்கிறது, சிநேகிதமும் அப்படியே இருக்கிறது.

1966 ஜூன் திகதியிட்ட 51ஆவது இதழ் இதை இன்னும் நுணுக்கமாகச் சொல்கிறது. ரீட்டின் மேல் பொறாமைகொண்ட, பெயரே சொல்லப்படாத ஒரு விஞ்ஞானி பென்னின் உருவத்தையும் பலத்தையும் களவெடுக்கிறான். பென் மறுபடி மனிசனாகிறான். போலி ஆள் ரீட்டின் வீட்டுக்குள் நுழைகிறான். அந்த நேரம் ரீட் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு வேறொரு பரிமாணத்துக்குள் இறங்குகிறார். கயிற்றின் மற்றப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது அந்தப் போலி பென். ரீட் அவனை முழுசாக நம்பி உயிரைக் கொடுத்திருக்கிறார். ரீட்டின் துணிச்சலைப் பார்த்து வந்தவனின் மனம் மாறுகிறது. தானே உள்ளே பாய்ந்து ரீட்டைக் காப்பாற்றி அனுப்பிவிட்டு அழிந்துபோகிறான். அவன் அழியும்போது பென் மறுபடி கல்லாகிறான். யாரோ ஒருவன் நல்லவனானதால் பென்னுக்குக் கிடைத்த விடுதலை பறிபோகிறது. கதை அதைச் சமாளித்து மெழுகவில்லை.

இதை உருவாக்கிய இரண்டு பேருக்கும் இடையில் என்ன நடந்தது என்பதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதிதான். அப்போது மார்வலில் முழு வசனமும் முதலே எழுதிக் கொடுக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. கதையின் போக்கைச் சுருக்கமாகப் பேசுவார்கள், கேர்பி பக்கம் பக்கமாக வரைந்து கதையை நகர்த்துவார், அதற்குப் பிறகு லீ வசனம் போடுவார். அப்படியென்றால் கதை யாருடையது? 1966 ஜனவரியில் நியூயோர்க் ஹெரால்ட் ட்ரிபியூன் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரை லீயைக் கொண்டாடியது. கேர்பியை ஏதோ ஒரு ஆலையின் மேற்பார்வையாளர் மாதிரி ஓரத்தில் நிறுத்தியது. கேர்பி குடும்பத்துக்கு அது பெரிய காயம். நூறுக்கு மேற்பட்ட ஃபன்டாஸ்டிக் ஃபோர் இதழ்களை வரைந்த பிறகு, 1970இல் கேர்பி மார்வலை விட்டு டிசிக்குப் போனார். 1994இல் அவர் இறந்து இருபது வருசத்துக்குப் பிறகுதான், 2014இல், அவருடைய குடும்பமும் மார்வலும் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். பென்னுக்கும் ரீட்டுக்கும் இருந்த மேசை லீக்கும் கேர்பிக்கும் இருக்கவில்லை.

இனி ஜீன் கிரே. எக்ஸ்-மென் இதழையும் 1963இல் லீயும் கேர்பியும்தான் தொடங்கினார்கள். இதில் சக்தி விபத்தால் வரவில்லை, பிறப்பிலேயே வருகிறது. பேராசிரியர் சேவியரின் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைகள் அதை அடக்கப் பழகவேண்டும். சைக்ளொப்ஸ் என்ற ஸ்கொட் கண்ணாடியைக் கழற்றினால் கண்ணிலிருந்து வரும் கதிரை நிற்பாட்ட முடியாது. ஆனால் இதழ் பெரிதாக விற்கவில்லை. 1970இல் புதுக் கதைகள் நின்றன, ஐந்து வருசம் பழைய கதைகளையே திரும்ப அச்சிட்டார்கள். 1975இல் லென் வீனும் டேவ் கொக்ரமும் கென்யா, ஜெர்மனி, சோவியத் யூனியன் என்று பல இடத்து ஆட்களைச் சேர்த்து அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். உடனேயே எழுத்துப் பொறுப்பு கிறிஸ் கிளேர்மொன்டிடம் வந்தது. 1977இல் ஓவியர் ஜோன் பேர்ன் சேர்ந்தார்.

1976இல் ஜீன் தன் நண்பர்களைக் காப்பாற்ற, சூரியக் கதிர்வீச்சுக்குள்ளால் ஒரு விண்கலத்தை ஓட்டி வருகிறாள். அதிலிருந்து ஃபீனிக்ஸாக எழும்புகிறாள். அந்தச் சக்திக்கு எல்லையே தெரியவில்லை. பிறகு ஹெல்ஃபயர் கிளப் என்ற கூட்டம் அவளுடைய மனதுக்குள் புகுந்து விளையாட, 1980இல் கட்டு அறுகிறது. டார்க் ஃபீனிக்ஸாக மாறி, பசியாற ஒரு நட்சத்திரத்தை விழுங்குகிறாள். அதைச் சுற்றிய கிரகத்தில் ஐந்து பில்லியன் உயிர்கள் இருந்தன. ஒருவரும் மிஞ்சவில்லை.

கிளேர்மொன்டும் பேர்னும் முதலில் வைத்திருந்த முடிவில் ஜீன் சாகவில்லை. ஷியார் என்ற விண்வெளிப் பேரரசு அவளைப் பிடித்து, சக்தியை மட்டும் பிடுங்கிவிட்டு ஸ்கொட்டுடன் பூமிக்கு அனுப்பிவிடும். தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் இதை ஏற்கவில்லை. ஐந்து பில்லியன் பேரைக் கொன்ற ஒருத்தி சும்மா வீட்டுக்குப் போகலாமா என்பதுதான் அவருடைய கேள்வி. கடைசிப் பக்கங்கள் திரும்ப வரையப்பட்டன. கைவிடப்பட்ட முடிவு 1984இல் தனி இதழாக வெளிவந்தது, ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அச்சாகிய 137ஆவது இதழில் ஷியார் விசாரணைக்கு எதிராக எக்ஸ்-மென் ஜீனுக்காகச் சந்திரனில் சண்டை பிடிக்கவேண்டும். அதற்கு முதல் நாள் இரவு ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசிக்கிறார்கள். அவள் செய்தது சரி என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஆனாலும் விடியும்போது எல்லாரும் அவள் பக்கத்தில் நிற்கிறார்கள். முழுக் கதையிலும் எங்களுக்கு ஆகப் பிடித்த இடம் இதுதான். நண்பரின் பக்கத்தில் நிற்பதும் நண்பர் செய்ததை நியாயப்படுத்துவதும் இரண்டு வேறு வேலைகள் என்பதை அந்தப் பக்கங்கள் பிரசங்கம் இல்லாமல் காட்டுகின்றன. கடைசியில் ஃபீனிக்ஸ் மறுபடி தலைதூக்க, இன்னொரு கிரகம் அழிவதற்கு முதல் ஜீன் தன் உயிரைத் தானே முடித்துக்கொள்கிறாள்.

இந்தக் கதையைச் செய்த கூட்டும் நீடிக்கவில்லை. பேர்ன் பிறகு சொன்ன ஒரு உதாரணம்: பலசாலியான கொலொஸஸ் ஒரு மரக்கட்டையைச் சுலபமாகப் பிடுங்குவது மாதிரி அவர் வரைந்தார், கிளேர்மொன்டின் வசனத்தில் அவன் கஷ்டப்பட்டுப் பிடுங்குகிறான். படம் ஒன்று சொல்ல எழுத்து இன்னொன்று சொல்கிறது. லீ–கேர்பி காலத்துப் பிரச்சினையின் இன்னொரு வடிவம்தான் இது. 1981இல் பேர்ன் எக்ஸ்-மென்னை விட்டுப் போனார்.

ஆனால் அதைவிடப் பெரிய விசயம் 1986இல் நடந்தது. பழைய ஐந்து பேரையும் சேர்த்து எக்ஸ்-ஃபாக்டர் என்ற புது இதழைத் தொடங்க மார்வலுக்கு ஜீன் தேவைப்பட்டாள். ஐந்து பில்லியன் கொலையோடு அவளைக் கொண்டுவர முடியாது. அதனால் ஒரு விளக்கம் வந்தது: உண்மையான ஜீன் இத்தனை நாளும் நியூயோர்க்கின் ஜமெய்க்கா விரிகுடாவின் அடியில் ஒரு கூட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். கொன்றதும் செத்ததும் அவளுடைய உருவத்தை எடுத்த ஃபீனிக்ஸ் என்ற சக்திதான். சரி, கணக்கு நேராகிவிட்டது! ஆனால் அந்த இரவில் நண்பர்கள் பட்ட பாட்டுக்கு இனி என்ன அர்த்தம்? அவர்கள் பக்கத்தில் நின்றது ஜீனே இல்லையாம். ஜீன் திரும்பி வந்தாள் என்று கேள்விப்பட்டதும் ஸ்கொட் தன் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுப் போகிறான். ஒரு குற்றத்தைக் கழுவப் போய், ஹீரோவுக்குப் புதுசாக ஒன்று வந்து சேர்ந்தது.

படங்களும் இதே பாதையில்தான் போயின. 2006இல் வந்த எக்ஸ்-மென் மூன்றாவது படத்தில் ஜீன் கிரகம் எதையும் அழிக்கவில்லை. 2019இல் வந்த டார்க் ஃபீனிக்ஸ் படத்தில் ஒரு கிரகம் அழிந்ததுதான், ஆனால் அது ஜீனைச் சேர முதலே அந்தச் சக்தி செய்த வேலை. இரண்டு படத்திலும் அவள் ஆட்களைக் கொல்கிறாள். ஆனால் ஐந்து பில்லியன் என்ற அந்தப் பாரத்தை அவளுடைய தோளில் வைக்க இரண்டு படமுமே துணியவில்லை. அதனால்தான் நண்பர்களின் அந்த இரவும் படங்களில் இல்லை. குற்றம் இல்லையென்றால் யோசிக்கிறதுக்கு என்ன இருக்கிறது?

ஷூட்டர் கேட்டது நியாயமான கேள்வி என்றுதான் எங்களுக்குப் படுகிறது. சாவுதான் அதற்கான பதிலா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஒருவேளை உயிரோடு விட்டு, அவளையும் அவளுடைய நண்பர்களையும் வருசக்கணக்காக அந்தக் கேள்வியோடு வாழவைத்திருந்தால் இன்னும் நல்ல கதை வந்திருக்கலாம். பென்னுக்கும் ரீட்டுக்கும் அதைத்தானே செய்தார்கள்? அங்கே ஒருவரும் 1961இன் ரொக்கெட்டை அழிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் பென் கண்ணாடியைப் பார்க்கிறான், ரீட் பென்னைப் பார்க்கிறார், சாப்பாட்டு மேசையில் நாலு கோப்பை வைக்கப்படுகிறது.