குரோவாசிய விக்கிப்பீடியா நிர்வாகிகள்

குரோவாசிய மொழி விக்கிப்பீடியா 2003 பிப்ரவரியில் தொடங்கியது. எல்லா மொழிப் பதிப்புகளையும் போல இதையும் நடத்துபவர்கள் சம்பளமில்லாத் தன்னார்வலர்கள். அவர்களிலிருந்து வாக்கெடுப்பு மூலம் நிர்வாகிகள் தேர்வாகிறார்கள். கட்டுரையை நீக்கவும், பூட்டவும், பயனரைத் தடை செய்யவும் இவர்களால் முடியும். விஷமிகளிடமிருந்து பக்கங்களைக் காக்கக் கொடுக்கப்பட்ட இந்த அதிகாரத்தை வைத்தே, ஏறத்தாழ 2011 முதல் 2020 வரை, தீவிர வலதுசாரிக் குழு ஒன்று நாட்டின் வரலாற்றைத் தன் விருப்பப்படி எழுதியது.

வழிமுறை எளியது. சான்றோடு திருத்தியவரை ஏதாவது விதியைக் காட்டித் தடை செய்தார்கள். தடை விழுந்தால் ஓட்டும் போயிற்று. எதிர்ப்பவர் குறையக் குறைய நிர்வாகிகளை அசைக்க ஆளில்லை. வாக்கெடுப்புகளில் ஒரே ஆள் பல பெயர்களில் திறந்த கைப்பாவைக் கணக்குகளும் புகுந்தன.

விளைவு யாசெனோவாட்ஸ் கட்டுரையில் அப்பட்டமாகத் தெரிந்தது. 1941 முதல் 1945 வரை உஸ்தாஷா என்ற குரோவாசியப் பாசிச ஆட்சி நடத்திய அந்த வதைமுகாமில் செர்பியர், ரோமா மக்கள், யூதர், ஆட்சியை எதிர்த்த குரோவாசியர் கொல்லப்பட்டனர். நினைவிடத்தின் பெயர்ப்பட்டியலில் மட்டும் 83,145 பேர் இருக்கிறார்கள். அந்த இடத்தை ஆட்களைச் சேர்த்து வைத்து வேலை வாங்கிய முகாம் என்ற அளவுக்குக் கட்டுரை சுருக்கியது. வீட்டுப்பாடத்துக்காகப் பிள்ளைகள் திறந்து படிக்கும் பக்கம் அது. இறந்தவர்களுக்கு இழைத்த இரண்டாவது அநீதி என்றே இதைச் சொல்ல வேண்டும்.

2013 செப்டம்பரில் நாளிதழ்கள் இதை அம்பலப்படுத்தின. கல்வி அமைச்சர் ஜெல்கோ யோவனோவிச், மாணவர்கள் இப்பதிப்பைப் பயன்படுத்த வேண்டாம் என்று வெளிப்படையாகவே அறிவுறுத்தினார். அப்போதும் எதுவும் மாறவில்லை. ஒவ்வொரு மொழிச் சமூகமும் தன்னைத் தானே ஆள வேண்டும் என்பது விக்கிப்பீடியாவுக்குப் பின்னிருக்கும் விக்கிமீடியா அறக்கட்டளையின் கொள்கை. நல்ல கொள்கைதான், ஆனால் தட்டிக்கேட்பவர்களெல்லாம் வெளியேற்றப்பட்ட இடத்தில் அது கைப்பற்றியவர்களுக்கே அரணாயிற்று. உள்ளே முறையிட்டவர்கள் மேலும் 7 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

2020 நவம்பரில் முக்கிய நிர்வாகி ஒருவர் எல்லா விக்கிமீடியா திட்டங்களிலிருந்தும் தடை செய்யப்பட்டார். குழுவின் பிடி தளர்ந்தது. 2021-இல் அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வறிக்கை, நடந்தது திட்டமிட்ட வரலாற்றுத் திரிப்பே என்று உறுதிசெய்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் எல்லா விக்கிமீடியா திட்டங்களுக்கும் அறிவிக்கப்பட்ட பொது நடத்தை நெறியில் அதிகாரத் துஷ்பிரயோகம் தனிக் குற்றமாக இடம்பெற்றது. அதைச் செயல்படுத்தும் ஒருங்கிணைப்புக் குழுவுக்கு முதல் தேர்தல் 2024-இல்தான் நடந்தது.