நடுவுல நாலு வருஷத்தக் காணோம்

அரை அங்குல வெள்ளைக் காகிதம் காணாமல் போனதால் எங்க வீட்டில் ரெண்டு வாரம் பேச்சுவார்த்தை நின்னு போச்சு. மிகைப்படுத்தல் எல்லாம் இல்லீங்க, நிஜம்.

தாத்தா (அம்மாவோட அப்பா) போஸ்ட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். ரெண்டு லாங்சைஸ் நோட்டு நிறைய அவர் கதையை எழுதி வெச்சிருந்தார். அவர் போன முதல் வருஷ திதிக்கு அதைப் புத்தகமாப் போட்டு சொந்தக்காரங்களுக்குக் கொடுக்கலாம்னு முடிவாச்சு. குடும்பத்துல பொட்டி தட்டுறவன் நான் ஒருத்தன்தான், அதனால வேலை என் தலையில. வேர்டுல அடிச்சா முடிஞ்சிருக்கும். ஆனா நாம இஞ்சினியர் ஆச்சே? லேடெக்ஸ்லதான் போடுவேன்னு அடம்பிடிச்சு, ராத்திரி எல்லாம் உட்கார்ந்து 86 பக்கம் கோத்தேன். 40 பிரதி அச்சாகி வந்தது. அட்டை எல்லாம் பளபளன்னு இருந்தது.

மறுநாள் பெரியம்மா போன். "ஏண்டா, எங்கப்பாவ என்னன்னு நினைச்சுட்ட?"

விஷயம் இதுதான். 41-ஆம் பக்கத்தின் கடைசி வரிகள்ல பாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள், டாக்டர் நாளைக்குக் காலையில் சொல்கிறேன் என்கிறார். 42-ஆம் பக்கம் இப்படித் தொடங்குது: இன்று மோர்க்குழம்பு நானே வைத்தேன், நன்றாக வந்தது.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த ரெண்டு வாக்கியத்துக்கும் நடுவுல தாத்தா அரைப் பக்கம் சும்மா விட்டிருக்கார். முதல் வாக்கியம் 1998. அடுத்தது 2002. பாட்டி போனதுக்கு அப்புறம் நாலு வருஷம் மனுஷன் பேனாவையே தொடலை. திரும்பத் தொட்டப்ப, தனியாச் சமைக்கக் கத்துக்கிட்டதை எழுதறார். நான் அந்த அரைப் பக்கத்தை "கொஞ்சம் இடைவெளி"ன்னு ஒரு கட்டளையாப் போட்டிருந்தேன். அது சரியா பக்கத்தின் அடியில் வந்து விழுந்துச்சு. பக்கம் உடையும் இடத்தில் வரும் இடைவெளியை டெக்ஸ் தூக்கிப் போட்டுடும். இது பிழை இல்லை, டொனால்ட் குனூத் வேணும்னே வெச்ச நடத்தை. இல்லாட்டி ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு உயரத்துல தொடங்கும். அவர் மேல தப்பில்லை. தப்பு எனக்கு.

தூக்கிப் போடாம வெச்சிருந்தாலும் பிரயோஜனம் இல்லைங்கறது அப்புறம்தான் உறைச்சுது. பக்கத்தின் அடியில் இருக்கும் வெள்ளை எப்பவும் இருக்கும் வெள்ளைதான். அதில் நாலு வருஷம் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

அன்னிக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சேன். கதையின் நடுவில் குட்டிப் பூ, மூணு நட்சத்திரம், சின்னக் கோடு இதெல்லாம் போடறாங்களே, யார் ஆரம்பிச்சது? அதுவரைக்கும் எனக்கு அதெல்லாம் கல்யாணப் பத்திரிகை ஓரத்துக் கொடி மாதிரி வெறும் ஜிகினா. (நம்ம ஆளுங்க ரெண்டு பக்கம் கோடு, நடுவுல முட்டை போட்டுப் பத்தி பிரிக்கறதையும் நான் கிண்டல் பண்ணியிருக்கேன். வாபஸ்.)

ஆரம்பம் கிரேக்கத்துல. பாப்பிரஸ் சுருள்ல ஒரு பகுதி முடிஞ்சு அடுத்தது தொடங்கும் இடத்தில், இடது ஓரமா வரிக்கு அடியில் ஒரு குட்டிக் கோடு போடுவாங்க. அதுக்குப் பேர் பாராகிராபோஸ். 'பக்கத்தில் எழுதியது'ன்னு அர்த்தம். இன்னைக்கு நாம 'பாரா'ன்னு சொல்றது அந்தக் கோட்டோட பேரைத்தான். முதலில் குறி வந்துச்சு, அது பிரிச்ச பத்திக்கு அந்தப் பேர் பின்னாடி ஒட்டிக்கிச்சு. பெரிய பகுதியோ முழு நூலோ முடியும் இடத்தில் கொஞ்சம் சுழிச்சு அலங்காரமா ஒண்ணு போடுவாங்க, அது கொரோனிஸ்.

ரோமானியர்கள் கல்வெட்டில் சொற்களுக்கு நடுவே புள்ளி வைப்பாங்க. சில இடத்துல அந்தப் புள்ளிக்குப் பதிலா ஒரு கொடியின் இலையைச் செதுக்கினாங்க. ஐவின்னு சொல்ற சுவரில் படரும் கொடி. லத்தீன்ல ஹெடெரா. இதய வடிவத்தில், காம்போட, சாய்ஞ்ச மாதிரி இருக்கும்: ❦. இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? பார்த்திருப்பீங்க. ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு உங்க கம்ப்யூட்டர்லயும் இருக்கு. அங்க வருவோம்.

அச்சு வந்ததும் 16-ஆம் நூற்றாண்டில் இந்த இலையை உலோகத்தில் வார்த்தாங்க. வெனிஸ் நகரத்து அச்சுக்காரர் ஆல்டஸ் மனூட்டியஸ் பேரால இங்கிலீஷ்ல இன்னும் 'ஆல்டைன் இலை'ன்னு சொல்றாங்க. எழுத்துகளோட அதே உயரத்துக்கு வார்த்ததால, அச்சுக் கோக்கிறவர் 'அ'வை எடுக்கிற மாதிரியே கை நீட்டி ஒரு இலையை எடுத்து வரிக்குள்ள வெச்சுடலாம். தனியா படக்கட்டை வேண்டாம், தனியா கூலி வேண்டாம்.

ராபர்ட் கிரான்ஜோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தார் பாருங்க, அந்த ஆள்தான் இதை வேற தளத்துக்குக் கொண்டு போனவர். 1560-களில் அராபிய பாணிக் கொடிகளைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டினார். ஒரு துண்டைத் தனியாப் பார்த்தா ஒரு வளைவு, ரெண்டு இலை, அவ்வளவுதான். அதையே நேரா வை, திருப்பி வை, அதோட ஜோடியை எதிர்ல வை, வரிசையா அடுக்கு... பக்கம் முழுக்க ஒரு கம்பளம் மாதிரி விரியும். மார்கழியில நம்ம வீட்டு வாசல்ல நடக்கிற அதே கணக்கு. ஒரு வளைவு தெரிஞ்சா போதும், மிச்சம் எல்லாம் அதைத் திருப்பிப் போடறதுதான். ஆன்ட்வெர்ப் நகரத்துல கிறிஸ்டோப் பிளான்டின் அச்சகம் அப்படியே மியூசியமா இருக்கு. 2005-ல யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாச்சு. கிரான்ஜோன் வெட்டின மூல அச்சுகள் அங்க இருக்கு.

இந்த ஆபரணங்களோட ஒரு பக்க விளைவு சுவாரசியமானது. ஒவ்வொரு அச்சகமும் தன்கிட்ட இருக்கிற மரக்கட்டை அலங்காரங்களை வருஷக்கணக்கா தேய்க்கும். கட்டை விரிசல் விடும், மூக்கு உடையும், புழு ஓட்டை போடும். அதே விரிசல் ரெண்டு புத்தகத்துல இருந்தா ரெண்டும் ஒரே அச்சகம்! அந்தக் காலத்து லண்டன்ல நிறையப் புத்தகங்கள்ல அச்சிட்டவர் பேரே இருக்காது. அதை எல்லாம் இப்படித்தான் கைரேகை பார்க்கிற மாதிரி கண்டுபிடிச்சாங்க. 1950-ல வில்லியம் சேல் என்கிற ஆய்வாளர் இந்த முறையில் ஒரு அச்சுக்காரர் போட்ட நூல்களைப் பட்டியல் போட்டார். 2001-ல கீத் மாஸ்லென் அதை இன்னும் விரிச்சார். அந்த அச்சுக்காரர் பேர் சாமுவேல் ரிச்சர்ட்சன்.

இந்தப் பேரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏன்னா இவர்தான் 1740-ல 'பமேலா', 1747-48-ல 'கிளாரிசா' எழுதினவர். நாவலாசிரியர் ஒருத்தர் அச்சகமும் வெச்சிருந்தார்னு இல்லை, அச்சுக்காரர் ஐம்பது வயசுக்கு மேல நாவல் எழுத ஆரம்பிச்சார். பிளீட் ஸ்ட்ரீட் பக்கத்துல சாலிஸ்பரி கோர்ட்ல அவரோட அச்சகம். தன் நாவலைத் தானே அச்சடிச்சார். அதாவது பக்கத்தில் எங்க என்ன வரணும்னு முடிவு பண்ற அதிகாரம், எழுதின ஆள் கையிலயே.

'கிளாரிசா' முழுக்கக் கடிதங்கள். ஏழு வால்யூம். நல்ல குடும்பத்துப் பொண்ணு, வீட்டில் பிடிக்காத கல்யாணத்துக்கு நெருக்கடி, ஏமாற்றிக் கூட்டிக்கிட்டுப் போற ஒருத்தன், கடைசியில சாவு. இதில் சிக்கல் என்னன்னா, நடக்கும்போதே எழுதுறாங்க. பொண்ணு எழுதிக்கிட்டே இருக்கா, மாடிப்படியில காலடிச் சத்தம், பேனாவை வெச்சுட்டுப் போறா. சாயங்காலம் திரும்பி வந்து அதே காகிதத்துல தொடர்றா. நடுவுல என்னவோ நடந்திருக்கு. வாசகனுக்கு அது எப்படித் தெரியும்? ரிச்சர்ட்சன் அங்கெல்லாம் அச்சுப் பூ வெச்சார். கடிதத்தின் நடுவுல, ஒரு பத்திக்கும் அடுத்ததுக்கும் இடையில. ஜேனின் பார்கஸ் என்கிற ஆய்வாளர் 2003-ல 18-ஆம் நூற்றாண்டு நாவல்களின் அச்சு அமைப்பைப் பத்திப் போட்ட புத்தகத்துல இதை விரிவாப் பேசறார்: அந்தப் பூக்கள் அழகுக்கு இல்லை, நேரம் கழிஞ்சதைக் காட்ட.

சும்மா எடுத்து விடலை. இதே நாவல்ல, பொண்ணு புத்தி பேதலிச்ச நிலையில கிறுக்கின ஒரு காகிதம் வரும் இடத்தில் வரிகளை ஓரத்துல சாய்ச்சுக் கோத்து அச்சடிச்சவர் அவர். ஈய எழுத்தைச் சாய்ச்சுக் கட்டறது எவ்வளவு பாடுன்னு அச்சகத்துல வேலை பார்த்தவங்களைக் கேட்டுப் பாருங்க. அந்த ஆள் பூவையும் யோசிக்காம வெச்சிருக்க மாட்டார்.

நட்சத்திரம் போட்டா ஆகாதான்னு கேக்கலாம். ஆகும். ஆனா அதுக்கு ஏற்கனவே வேற வேலைகள் உண்டு. கி.மு. 2-ஆம் நூற்றாண்டுல அலெக்சாண்டிரியாவில அரிஸ்டார்கஸ் ஹோமர் பிரதிகளைச் சரிபார்த்தப்பவே ஓரத்துல நட்சத்திரக் குறி போட்டார். ரிச்சர்ட்சன் காலத்துல லாரன்ஸ் ஸ்டெர்ன் வந்து, எழுத முடியாத வார்த்தைகளுக்குப் பதிலா வரிவரியா நட்சத்திரம் அடுக்கினார். அதனால நட்சத்திரத்தைப் பார்த்தா 'எதையோ மறைக்கிறான்'னு தோணும். பூவைப் பார்த்தா 'நேரம் ஆயிடுச்சு'ன்னு தோணும். (இது என் கருத்து.)

அதுக்கப்புறம் வேகமா ஓட்டிடறேன். 18-ஆம் நூற்றாண்டின் ரெண்டாம் பாதியில பாஸ்கர்வில் மாதிரி ஆட்கள் வெறும் எழுத்தும் வெள்ளையும் போதும்னு காட்டினாங்க. 1923-ல இருந்து 1930 வரைக்கும் இங்கிலாந்துல ஏழு இதழ் வந்த அச்சுக்கலைப் பத்திரிகைக்கு அச்சுப் பூவோட பேரையே வெச்சாங்க, 'தி ஃப்ளூரான்'. முதல் இதழ்லயே பூக்களைப் பத்தி ஃபிரான்சிஸ் மெய்னலும் ஸ்டான்லி மாரிசனும் கட்டுரை எழுதினாங்க. இந்தப் பக்கம் இப்படிக் கொஞ்சிக்கிட்டு இருக்க, 1928-ல யான் சிஹோல்ட் ஜெர்மனியில 'புது அச்சுக்கலை'ன்னு புத்தகம் போட்டு அலங்காரம் எல்லாம் குப்பைன்னார். பின்னாடி அவரே மனசு மாறினது தனிக் கதை.

கம்ப்யூட்டருக்கு இந்த இலையைக் கொண்டு வந்தவர் ஹெர்மன் ஜாஃப். 1978-ல வந்த ஜாஃப் டிங்பேட்ஸ் எழுத்துருவுல கத்திரிக்கோல், கை, நட்சத்திரங்களோட அந்த ரோமானிய இலையும் இருக்கு. 1986-ல ஆப்பிளோட லேசர்ரைட்டர் பிளஸ் பிரின்டருக்குள்ளேயே அதை வெச்சுட்டாங்க. அப்புறம் யூனிகோடுல அப்படியே ஏறிடுச்சு. விண்டோஸ்ல விங்டிங்ஸ். அந்தக் காலத்து ஆபீஸ் மெயில்ல வாக்கியம் முடிஞ்சதும் சம்பந்தமே இல்லாம 'ஜே' எழுத்து ஒண்ணு நிக்குமே, ஞாபகம் இருக்கா? அவுட்லுக் சிரிப்பு மூஞ்சியை விங்டிங்ஸ் 'ஜே'வா மாத்தி அனுப்பும், எழுத்துரு இல்லாத இடத்துல வெறும் 'ஜே' தெரியும். திஸ்கி, பாமினி காலத்துல குப்பை குப்பையாத் தமிழ் பார்த்தவங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

எச்.டி.எம்.எல். ஆட்களுக்கு ஒரு தகவல். குறுக்குக் கோடு போடுற எச்.ஆர். டேக் இருக்கே (ஆபீஸ் எச்.ஆர். இல்லை, அது வேற கொடுமை), அது முதல்ல வெறும் கோடுதான். எச்.டி.எம்.எல். 5 வந்தப்ப அதுக்குக் கோடுன்னு அர்த்தம் இல்லை, 'பொருள் மாறும் இடம்'னு அர்த்தம்னு மாத்தி எழுதினாங்க. கிரேக்கக் குட்டிக் கோட்டுக்கே திரும்பிப் போன மாதிரி.

நம்ம பக்கம்? ஓலைச்சுவடியில இடம் விட்டு எழுதறது கட்டுபடியாகாத காரியம். சொல்லுக்குச் சொல் இடைவெளியே இல்லாம ஓடும். ஆனா முடியும் இடத்துக்குன்னு தமிழ்ல ஒரு குறி உண்டு. 2019-ல யூனிகோடு 12 வந்தப்ப, பழைய பின்னங்கள், அளவைக் குறிகளோட சேர்த்து அதையும் ஏத்தினாங்க. 'உரை முடிவு'ன்னு பேர். தொடங்க பிள்ளையார் சுழி இருக்கு, முடிக்க இது இருக்கு. தாத்தாவுக்கு வேண்டியது ரெண்டும் இல்லை. அவருக்கு முடியலை, நின்னு தொடங்கியிருக்கு.

இவ்வளவும் படிச்சுட்டு, லேடெக்ஸ்ல மெமாயர் கிளாஸை எடுத்தேன். பீட்டர் வில்சன் எழுதினது. அதுல எனக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு கட்டளை இருக்கு: இடைவெளி பக்கத்தின் நடுவில் விழுந்தா வெறும் வெள்ளை, விளிம்பில் விழுந்தா அலங்காரம். அதை விட்டுட்டு எல்லா இடத்துலயும் ரோமானிய இலையையே வெச்சு, 41-ஆம் பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்துக்கிட்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். ரிச்சர்ட்சன் கதை எல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டாங்க.

"எல்லாம் சரிடா. எங்கம்மா செத்துப் போன இடத்துல பூ எதுக்கு?"

பதில் இல்லை என்கிட்ட. அப்புறம் அவங்களே பீரோவைத் திறந்து, தாத்தா எழுதின இன்லண்ட் லெட்டர் கட்டை எடுத்துப் போட்டாங்க. வீட்டு விஷயம் முடிஞ்சு பண விஷயம் தொடங்கும் இடத்தில், ஒவ்வொரு லெட்டர்லயும், ஒரு கோடு, ஒரு முட்டை, ஒரு கோடு.

மறு அச்சுக்குக் காசில்லை. ஏற்கனவே கொடுத்த 40 பிரதியையும் தேடிப் போய், 41-ஆம் பக்கத்தின் அடியில் கறுப்பு மைப் பேனாவால அதையே போட்டுக்கிட்டு வர்றேன். 33 முடிஞ்சது. மிச்சம் ஏழில் ரெண்டு துபாய்ல இருக்கு, ஒண்ணை சித்தப்பா ரயில்ல விட்டுட்டாராம்.