சுச்சியோகி: கத்தி அலகுக்குக் களிமண் பூச்சு

ஜப்பானியக் கொல்லர்கள் வாளையும் உயர்தரச் சமையல் கத்தியையும் கடினமாக்குவதற்கு முன் அலகின் மேல் களிமண் பூசும் முறை. களிமண், கரித்தூள், சாணைக்கல் பொடி மூன்றையும் நீரில் குழைப்பார்கள். கலவையின் விகிதம் பட்டறைக்குப் பட்டறை மாறும்; வெளியே சொல்லவும் மாட்டார்கள்.

முதுகில் தடிமனாக, வெட்டுவாயில் மெல்லியதாக. சூட்சுமம் இவ்வளவுதான். அலகை ஏறத்தாழ 750 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி நீரில் தோய்க்கும்போது, வாய்ப்பகுதி நொடியில் குளிர்ந்து மார்டென்சைட் என்னும் கடின அமைப்பாகிறது. முதுகு மெதுவாகக் குளிர்ந்து பெர்லைட்டாக, மென்மையாகவே நின்றுவிடுகிறது. மார்டென்சைட்டுக்குக் கூடுதல் இடம் வேண்டும். அதனால் வாய்ப்பக்கம் நீண்டு, அலகு முதுகை நோக்கி வளைகிறது. கட்டானா வாளின் பேர்பெற்ற வளைவில் ஒரு பங்கு தண்ணீர்த் தொட்டியில்தான் பிறக்கிறது!

இரு அமைப்புகளும் சந்திக்கும் இடம், மெருகேற்றியபின் ‘ஹாமோன்’ என்ற வெண்கோடாகத் தெரியும். வாயின் குறுக்கே மெல்லிய களிமண் கீற்றுகள் இடுவதும் உண்டு. அங்கே எஃகு சற்று மென்மையாக இருப்பதால், வாய் சிதைந்தாலும் சில்லு பெரிதாகப் பரவாது.

காய்ந்த எஃகின் நிறத்தைக் கண்ணால் கணிக்கப் பட்டறையை இருட்டாக்குவார்கள். கணிப்பு பிசகினால் விரிசல்தான்.

1876இல் வாள் அணியத் தடை வந்தபின் வாள்கொல்லர் பலர் கத்திகளுக்கு மாறினர். ஒசாகா அருகே சக்காய் நகரில் ‘ஹொன்யாகி’ என்னும் உயர்தரச் சமையல் கத்திகள் இன்றும் களிமண் பூசியே தோய்க்கப்படுகின்றன. ஆனால் மின்சூளை வைத்திருக்கும் கத்தி செய்வோர் பூசும் ஆயத்தக் கலவைகளின் வேலை வேறு: மேற்பரப்பில் செதில் படியாமலும் கார்பன் எரிந்துபோகாமலும் காப்பது.