துடைக்க ஆளில்லாத இடம்

மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்ட நாளிலிருந்து அதைத் துடைப்பது என் பொறுப்பு. வெயில் ஏறுவதற்குள் ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய வேட்டித் துணி, முடிந்தது வேலை. கோடையில் பத்து நாள் விட்டால் விரலால் பெயர் எழுதலாம். அரசு அலுவலக ரெக்கார்டு அறையில் தூசி தின்றே காலம் தள்ளியவனுக்கு இது பழகிய சங்கதிதான்.

துடைக்க ஆளில்லாத செவ்வாய் கிரகத்தில் என்ன செய்தார்கள்?

1997-இல் அங்கே ஓடிய சோஜர்னர் என்ற குட்டி வண்டிதான் முதல் கணக்கைக் கொடுத்தது. தூசியால் மறையும் ஒளி நாளொன்றுக்குச் சுமார் 0.28 சதவீதம் கூடியது. அற்பமாகத் தெரியும், மாதக்கணக்கில் கூட்டிப் பாருங்கள்! 2004-இல் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி வண்டிகளுக்கு 90 நாள் ஆயுளே குறித்தார்கள். ஆனால் 2005 மார்ச்சில் ஸ்பிரிட்டின் மின்சாரம் திடீரென்று ஏறியது. காற்று வந்து துடைத்துவிட்டுப் போயிருந்தது. ஆப்பர்சூனிட்டி 2018 வரை ஓடியது. அதை முடித்தது பேனல் தூசி அல்ல, கிரகம் முழுவதையும் மூடிய புழுதிப் புயல்.

அதே 2018 நவம்பரில் இன்சைட் இறங்கியது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அதன் நிலநடுக்கமானி 'சீஸ்' பிரான்ஸ் விண்வெளி மையத்தின் பொறுப்பில் உருவானது. அதனால் எனக்கு அதன்மேல் ஒரு தனிப் பாசம். வந்த புதிதில் பேனல்கள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5,000 வாட்-மணி கொடுத்தன. நம் கரண்ட் பில் கணக்கில் 5 யூனிட். 2022 மே மாதத்தில் அது அரை யூனிட். இங்கே காற்று உதவிக்கு வரவில்லை.

2021-இல் ஒரு வேடிக்கை செய்தார்கள். இயந்திரக் கையால் மணலை அள்ளிப் பேனலுக்குப் பக்கத்தில் தூவினார்கள். பருமணல் காற்றில் உருண்டு போகும்போது மாவுத்தூசியையும் தட்டிக்கொண்டு போகுமாம். கிடைத்த லாபம் நாளுக்குச் சுமார் 30 வாட்-மணி. அதுவும் அப்போது பெரிதாக இருந்தது.

ஒரு பிரஷ் வைத்து அனுப்பியிருக்கக் கூடாதா என்று எனக்குக் கோபம் வந்தது. எடை, செலவு, பழுதாக இன்னொரு பாகம் என்பது அவர்கள் பதில். தூசியையும் கணக்கில் சேர்த்துத்தான் இரண்டு வருடத்துக்குத் திட்டமிட்டிருந்தார்கள். நான்கு வருடம் உழைத்தது. கோப்பில் பிழை இல்லை.

2022 மே 4-ஆம் தேதி, அந்த அரை யூனிட் நாட்களில்தான், 4.7 அளவுள்ள நிலநடுக்கத்தை சீஸ் பதிந்தது. வேறொரு கிரகத்தில் அதுவரை பதிவானவற்றில் அதுவே பெரியது. அடுத்த மாதம் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது: கருவியை அணைத்து வண்டியின் உயிரை நீட்டுவதா, இல்லை ஓடவிட்டுச் சீக்கிரம் இழப்பதா? ஓடவிட்டார்கள். டிசம்பர் 15-க்குப் பிறகு பேச்சு இல்லை.

கடைசியில் வந்த படமொன்றில் சீஸின் மூடி முழுக்கச் செம்புழுதி.

மூட்டு வலியால் மூன்று வாரமாக நான் மாடி ஏறவில்லை. மீட்டரை மட்டும் தினமும் கீழிருந்தே பார்த்துக் குறித்து வைக்கிறேன்.