சிலை அசல், சீட்டு போலி

சிங்கப்பூர் எம்பிரஸ் பிளேஸில் ஆற்றோரம் நிற்கும் ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007ஆம் ஆண்டு உமா பரமேஸ்வரியின் செப்புத் திருமேனி ஒன்றை 6,50,000 அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விற்றவர் நியூயார்க்கில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர். அது பதினோராம் நூற்றாண்டுச் சோழர் படிமம் என்பதில் அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. ஆனாலும் எட்டே ஆண்டில், 2015இல், அதை இந்தியாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலில் திருட்டுப்போன படிமம் அது. சிலை அசல், போலியாக இருந்தது அது வந்த வழியைச் சொன்ன கதை. பழம்பொருளின் மெய்ம்மையைச் சோதிப்பவர்கள் பொருளைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். கூட வரும் காகிதத்தை அதே கண்ணால் பார்க்காதவரை அந்தச் சோதனை பாதிதான் முடிந்திருக்கிறது.

பொருளை மட்டும் பார்த்தால் எவ்வளவு தெரியும்? உலோகத்தின் வயதைக் கரிமச் சோதனை சொல்லாது. களிமண் கரு உள்ள வார்ப்பென்றால் அந்த மண்ணைச் சூடாக்கி ஒளிர்வை அளந்து காலம் கணிக்கலாம். சோழர் படிமங்களோ பெரும்பாலும் கனவார்ப்பு, உள்ளே மண்ணே கிடையாது. மிஞ்சுவது பாணியும் உலோகக் கலவையும். பாணி ஏமாற்றும். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் அதே மெழுகு வார்ப்பு முறையில்தான் வார்க்கிறார்கள். சிவபுரம் நடராசர் கதையே இதற்குப் போதும். 1951இல் மண்ணிலிருந்து கிடைத்த அந்தப் படிமத்தைப் பழுது பார்க்கக் கொடுத்தார்கள்; கோயிலுக்குத் திரும்பி வந்தது நகல். ஊரே அந்த நகலைக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. அது போலி என்று 1965இல் எழுதியவர் பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட். அமெரிக்கா போய்விட்ட அசல் 1986இல்தான் இந்தியா திரும்பியது.

அதே மெழுகு வார்ப்புதான் திருடனைக் காட்டியும் கொடுக்கிறது. மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகம் ஊற்றி, ஆறிய பின் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அதனால் அச்சில் வார்த்தாற்போல இரண்டு படிமம் இருக்க வழியில்லை. இடுப்பு மடிப்பின் ஒரு கோடு, விரல் நுனியில் ஒரு உடைசல், பீடத்தில் ஒரு வார்ப்புக் குறை என எல்லாம் அதற்கே உரிய மச்சங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950கள் முதல் கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்த படங்களில் இந்த மச்சங்கள் அப்படியே பதிந்திருக்கின்றன. ஸ்ரீபுரந்தான் திருட்டு வெளியில் தெரிந்தது 2008இல், படிமங்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற அதிகாரிகள் போனபோதுதான். ஆளில்லாத கோயில், கேட்க நாதியில்லை. ஆனால் படம் இருந்தது. அதே கோயில் நடராசரை 2008இல் வாங்கிய ஆஸ்திரேலிய தேசிய காட்சிக்கூடமும் 2014இல் அதைத் திருப்பித் தந்தது. சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்த எஸ். விஜயகுமார் போன்ற ஆர்வலர்கள் இப்படிப் படத்தையும் படிமத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தே பல கடத்தல்களை வெளிக்கொண்டு வந்தார்கள். சோதனைக்கூடத்தால் ஆகாதது பழைய கறுப்பு வெள்ளைப் படத்தால் ஆயிற்று.

பூட்டிக் கிடந்த கோயிலில் வௌவால் எச்சத்துக்கு நடுவே இருந்ததைவிட அரும்பொருளகத்தில் பத்திரமாக இருந்ததே என்று சிலர் கேட்கிறார்கள். மீண்டு வந்த படிமங்கள் பலவும் கருவறைக்குப் போகாமல் காப்பகங்களில் பூட்டிக் கிடக்கின்றன என்பதும் உண்மை. வெட்கப்பட வேண்டிய உண்மை. ஆனால் இந்த வாதம் பாதுகாப்பைப் பற்றியது, உரிமையைப் பற்றியது அன்று. வீட்டைப் பூட்டாமல் போனவனுடைய நகை திருடனுக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. இன்னொரு கேள்வி கொஞ்சம் கனமானது: பக்தருக்குப் பழமை எதற்கு? சிராங்கூன் சாலைக் கோயில்களில் நம் காலத்து ஸ்தபதி வார்த்த உற்சவருக்கும் குடமுழுக்கானபின் அதே தீபாராதனைதான். யாரும் நூற்றாண்டு கேட்பதில்லை. அப்படியானால் ஸ்ரீபுரந்தானுக்குப் புதிதாக ஒன்று வார்த்துக் கொடுத்தால் கணக்கு தீர்ந்ததா? தீராது. புதிய உற்சவரை இன்ன ஸ்தபதி வார்த்தார், இன்ன கோயில் வாங்கியது என்று சொல்ல ஆள் உண்டு, ரசீது உண்டு. எம்பிரஸ் பிளேஸில் எட்டாண்டு இருந்த உமைக்கு அது இல்லை. அவளோடு வந்த காகிதத்தில் ஸ்ரீபுரந்தானின் பெயரே கிடையாது.