மஞ்சள் பை போனதும் திரும்பியதும்

கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையை ஒட்டிப் பொதுப்பணித் துறைக்குச் சொந்தமான நிலத்தில், ‘நிழல்’ என்னும் அமைப்பினரும் அக்கம்பக்கத்தில் வசிப்பவர்களும் 2006-ஆம் ஆண்டிலிருந்து நம் மண்ணுக்கு உரிய மரங்களாகவே தேர்ந்து நட்டு, நீர் ஊற்றி, ஒரு சிறு வனத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். அதற்கு முன் அது குப்பை கொட்டும் இடமாகக் கிடந்தது. இந்நகரத்தில் குப்பை கொட்டிய நிலம் எதையேனும் மண்வெட்டியால் கொத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இலையும் காகிதமும் துணியும் மண்ணோடு மண்ணாகிவிட்டிருக்க, பிளாஸ்டிக் பை மட்டும் கடையின் பெயர்கூட அழியாமல் மேலே வரும். ஆனால் அந்தப் பை நம் கடைவீதிகளுக்கு வந்து சேர்ந்தது சென்ற நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலேதான். அதற்கு முந்தைய தலைமுறைகள் சோறும் குழம்புமாக வாழ்ந்து, கல்யாணம் கார்த்திகை என்று விருந்து வைத்து, அவற்றுக்கான சாமான்களையெல்லாம் அது இல்லாமலே வீடு கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்து வியாபாரத்தில் ஓர் எழுதாத ஒப்பந்தம் இருந்தது. சரக்கைத் தருவது கடைக்காரரின் பொறுப்பு. அதைக் கொண்டுபோகப் பாத்திரமோ பையோ கொண்டுவருவது வாங்குபவரின் பொறுப்பு. எண்ணெய்க்குத் தூக்கு, பாலுக்குச் சொம்பு, அரிசிக்குக் கோணிப்பை, காய்கறிக்குக் கூடை என்று வீட்டை விட்டுக் கிளம்பும்போதே என்ன வாங்கப் போகிறோம் என்பது கையில் இருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கடைக்காரர் தம் பங்குக்கு எதையேனும் கட்டிக் கொடுக்க வேண்டுமானால், பூவுக்கு வாழையிலை, கறிக்குத் தேக்கிலை, பலகாரத்துக்கு மந்தாரை இலை, தென்பாண்டிச் சீமையில் கருப்பட்டிக்கும் மிட்டாய்க்கும் பனையோலைக் கொட்டான் என்று அந்தந்தப் பண்டத்தின் ஈரத்துக்கும் வாசனைக்கும் ஏற்றாற்போல் ஒன்று வைத்திருந்தார்.

மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுவதைப் பார்ப்பதே ஓர் ஆனந்தம். பழைய செய்தித்தாளில் ஒரு துண்டைக் கிழித்து, உள்ளங்கையைச் சுற்றிக் கூம்பாக்கி, அதில் கால்படி துவரம்பருப்பைக் கொட்டி, வாயை மூன்று மடிப்பாக மடித்து, தலைக்கு மேலே தொங்கும் நூற்கண்டிலிருந்து ஒரு முழம் சணலை இழுத்துக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, விரலில் மாட்டிச் சடக்கென்று அறுத்து எறிவார் கடைக்காரர். அத்தனையும் அடுத்த வாடிக்கையாளரின் சீட்டைப் படித்துக்கொண்டே நடக்கும். வீட்டிலோ அந்தச் சணலும் வீணாவதில்லை. பிரித்த நூலை உருண்டையாகச் சுற்றி வைத்துக்கொள்ளாத சமையலறை அந்நாளில் இருந்ததில்லை என்றே சொல்லலாம்.

இந்த ஏற்பாட்டின் நடுநாயகமாக விளங்கியது மஞ்சள் பை. முரட்டுக் காடாத் துணியை மஞ்சள் சாயத்தில் தோய்த்து, இரண்டு கைப்பிடி வைத்துத் தைத்து, சிவப்பிலோ பச்சையிலோ ஜவுளிக் கடையின் பெயரையும் தெருவையும் அச்சிட்டுக் கொடுப்பார்கள். மஞ்சள் நிறத்துக்கு நம்மவரிடையே உள்ள மங்கள ஸ்தானம் காரணமாக, கல்யாண வீடுகளில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டு விருந்தினருக்குக் கொடுத்தனுப்பும் தாம்பூலப் பையும் அதுவே ஆயிற்று. மாம்பலத்தை அடுத்து 1920-களில் தியாகராய நகர் உருவாகி, 1928-இல் நல்லி போன்ற பட்டுக் கடைகள் அங்கே தோன்றி, முகூர்த்தப் புடவைக்காக வெளியூர்களிலிருந்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கத் தொடங்கிய பின்பு, பட்டணத்துக் கடைகளின் பெயர்கள் சோழநாட்டுக் கிராமங்கள் வரையிலும் பைகளின் மேலேறிப் பிரயாணம் செய்தன.

ஒரு பையின் ஆயுள் எவ்வளவு நீண்டது என்பதை நினைத்துப் பார்க்கையில்தான் அதன் பெருமை விளங்கும். சுபகாரியத்துக்காக வீட்டுக்குள் நுழைந்த பை, சில நாள் மடிப்புக் கலையாமல் பீரோவில் இருக்கும். பிறகு காய்கறிக்கும் ரேஷன் சர்க்கரைக்கும் போய்வரும். சாயம் வெளுத்தபின் நிலப் பத்திரங்களையும் ஜாதகக் கட்டுகளையும் தாங்கிப் பரண்மேல் ஏறும், அல்லது வழக்குக்காரர் ஒருவரின் அக்குளில் இடுங்கிக் கோர்ட்டு வராந்தாவில் காத்திருக்கும். தையல் விட்டுப்போன பிறகு அடுப்படியில் கரித்துணியாகிச் சூட்டுப் பாத்திரம் இறக்கும். கடைசியில் மண்ணுக்குப் போய் மண்ணாகும். எந்தக் கட்டத்திலும் அது குப்பை என்ற பெயரைப் பெறவில்லை.

இதனிடத்தைப் பிடித்த பிளாஸ்டிக் பையின் பிறப்பிடம் ஸ்வீடன். ஸ்டென் குஸ்தாஃப் துலின் என்ற பொறியாளர் ஒரே துண்டாகக் கைப்பிடியோடு பை செய்யும் முறையைக் கண்டுபிடித்து, அதற்கு 1965-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. அவர் அதைத் திரும்பத் திரும்ப உபயோகிக்கவே எண்ணினார் என்றும், தம் சட்டைப் பையில் ஒன்றை மடித்து வைத்திருப்பார் என்றும் அவருடைய குமாரர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மரங்களை வெட்டிச் செய்யும் காகிதப் பைக்கு மாற்றாக வந்த ஒரு நல்ல கருவி, விலையில்லாமல் கிடைத்ததாலேயே கெட்டது என்பது என் அபிப்பிராயம். விலை கொடுக்காத பொருளைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் தோன்றுவதில்லை.

நம் ஊரில் கேரி பேக் வந்தபோது முதலில் அழிந்தது அந்தப் பழைய ஒப்பந்தம். கை வீசிக்கொண்டு கடைக்குப் போகலாம் என்ற சௌகரியம் ஏற்பட்டதும், பை எடுத்துப் போவது நாட்டுப்புறத்தாரின் அடையாளமாகக் கருதப்பட்டது. எழும்பூரில் ரயில் இறங்கி மஞ்சள் பையுடன் திகைத்து நிற்பவரைக் காட்டிச் சிரிக்க வைப்பது சினிமாக்காரர்களுக்குச் சுலபமான உத்தியாயிற்று. ஏழைகளின் சிக்கனத்தை ஏளனம் செய்த அந்தக் காலத்தை நினைக்க எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

ஏளனத்துக்குக் கொடுத்த விலை பின்னால் தெரிந்தது. வங்காள தேசத்தில் 1988-லும் 1998-லும் வந்த வெள்ளங்களின்போது டாக்காவின் வடிகால்களைப் பிளாஸ்டிக் பைகள் அடைத்துக்கொண்டதைக் கண்ட அரசு 2002-இல் அவற்றைத் தடை செய்தது. நம் கோட்டூர்புரமோ 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைபுரண்டபோது வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளோடு நீரில் மூழ்கியது. அப்பெருவெள்ளத்துக்குப் பேய்மழையும், செம்பரம்பாக்கத்திலிருந்து வந்த நீரும், ஆற்றின் இடத்தில் நாம் கட்டிக்கொண்ட கட்டடங்களுமே பிரதான காரணங்கள். பழி முழுவதையும் பையின்மேல் போடுவது நியாயமாகாது. ஆனால் தெருவில் தேங்கும் சாதாரண மழைநீரைக் கால்வாய் வாயிலேயே தடுத்து நிறுத்துவது எது என்பதை, அடைப்பு எடுக்கும் தூய்மைப் பணியாளர்கள் வாரி வெளியே போடும் குவியலைப் பார்த்தவர் எவரும் சொல்வார்கள்.

தமிழ்நாட்டில் மாற்றம் மலையிலிருந்து இறங்கி வந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டி நீலகிரியில் ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு அங்கே பிளாஸ்டிக்குக்கு எதிராக ஓர் இயக்கத்தையே நடத்தினார். மாநிலம் முழுவதற்குமான தடை 2018 ஜூனில் அறிவிக்கப்பட்டு, 2019 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. ஒருமுறை உபயோகித்து எறியும் 14 வகைப் பொருள்கள் அதில் அடங்கும். பின்னர் 2021 டிசம்பர் 23 அன்று கலைவாணர் அரங்கில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கி வைத்தபோது, சுற்றுச்சூழல் துறையின் செயலாளராக இருந்தவரும் அதே சுப்ரியா சாகுதான். அடுத்த ஆண்டு கோயம்பேடு சந்தையில், பத்து ரூபாய் போட்டால் ஒரு மஞ்சள் பை தரும் இயந்திரம் வைத்தார்கள். ஒரு காலத்தில் பரிகசித்த பொருளை அரசாங்கமே மரியாதையுடன் அழைத்து வந்தது நம் காலத்தின் நல்ல நிகழ்ச்சிகளில் ஒன்று.

இருந்தும், தடைக்குப் பிறகும் பூக்காரியிடமும் மீன் கடையிலும் மெல்லிய பைகள் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. ‘பை இல்லை’ என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடும் வாடிக்கையாளருக்குப் பயந்து அவர்கள் ஒளித்து வைத்துக் கொடுக்கிறார்கள். சிறு வியாபாரியை மட்டும் இதில் குற்றம் சொல்லி என்ன பயன்? அயர்லாந்து 2002-இல் ஒவ்வொரு பைக்கும் வாங்குபவரிடமே 15 சென்ட் வரி வசூலித்ததும், பைகளின் உபயோகம் பத்தில் ஒன்றுக்கும் கீழே குறைந்தது. அங்கே பொறுப்பு மறுபடி வாங்குபவரின் கைக்கு வந்தது. இங்கே இன்னும் வரவில்லை. துணிபோல் தோன்றும் நெய்யாத பைகளும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கே என்பதையும் பலர் அறியாமல் நல்ல எண்ணத்தோடு வாங்குகிறார்கள்.

ஆகையால் கோட்டூர்புரத்து வாசகர்களுக்கும், மயிலாப்பூர் மாடவீதியிலும் பாண்டி பஜாரிலும் சாமான் வாங்கப் போகிறவர்களுக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் சிறியது. சென்ற கல்யாணத்தில் வாங்கி வந்த தாம்பூலப் பை உங்கள் வீட்டில் எங்கோ மடித்துக் கிடக்கிறது. அதை எடுத்துச் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டுங்கள், ஸ்கூட்டர் பெட்டியில் இன்னொன்றைப் போட்டு வையுங்கள், அப்படியும் மறந்துவிட்டால் கடைக்காரரிடம் பிளாஸ்டிக் பை கேட்காமல் வீட்டுக்குத் திரும்பிப் போய் எடுத்து வாருங்கள்.